ஜீபி வீட்டுக்கு அனுப்பும் பராமெடிக்

காலை எட்டு மணிக்குப் போன் இணைப்புகள் திறந்தால் அடுத்த ஒன்றரை மணி நேரம் மூச்சுவிட நேரமிருக்காது. வடமேற்கு லண்டனில், ஹரோப் பக்கம், ஒரு ஜீபி சேர்ஜரியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். எங்களிடம் பதிந்திருப்பவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். தமிழில் கதைக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களுடைய குரலே மாறிவிடும். ஆனால், "இன்றைக்கு உங்களைப் பராமெடிக் பிரக்டிஷனர் வந்து பார்ப்பார்" என்று சொன்னவுடன் அந்தச் சந்தோஷம் போய்விடும்.

"இல்லைப் பிள்ளை, எனக்கு டொக்டரைத்தான் பார்க்கவேணும்."

"அம்புலன்ஸ்காரர் ஏன் வரவேணும்? எனக்கு அவ்வளவு சீரியஸ் இல்லையே."

"டொக்டருக்கு நேரமில்லை எண்டு ஆரையோ அனுப்பிறியள், என்ன?"

மூன்றுமே நியாயமான கேள்விகள். பின்னால் இருபது பேர் வரிசையில் காத்திருக்கும்போது போனில் அவற்றுக்குப் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வயதான அம்மா அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகமில்லாமல் வீட்டில் இருக்கிற ஒருவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்று அங்கேயே நின்று முடிவெடுப்பது ஒரு தனித் திறமை. நல்ல பராமெடிக் பிரக்டிஷனரிடம் அது நிறைய இருக்கிறது. ஆனால் அவர் அழைத்தால் போனை எடுக்கிற ஒரு ஜீபி பின்னால் இருக்கவேண்டும். அந்த ஜீபி இல்லாத இடத்தில் இந்த ஏற்பாடு நோயாளிக்கும் ஆபத்து, பராமெடிக்குக்கும் அநியாயம்.

யார் இவர்?

இந்த நாட்டில் நினைத்தவர் எல்லாம் தன்னைப் பராமெடிக் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அது சட்டம் பாதுகாக்கும் பட்டம். எச்.சி.பி.சி என்ற ஒழுங்குமுறைச் சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவரின் பெயரை நீங்களே தேடிப் பார்க்கலாம். இப்போது புதிதாகப் பராமெடிக் ஆவதற்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு வேண்டும்.

ஜீபி சேர்ஜரிக்கு வருகிற பராமெடிக் அதற்கும் மேலே ஏறி வந்தவர். சில வருடங்கள் அம்புலன்சில் ஓடியிருப்பார். பிறகு நோயாளியை முழுமையாகப் பரிசோதிப்பது, நோயைக் கண்டறிவது, நாள்பட்ட வருத்தங்களைக் கவனிப்பது பற்றி முதுகலை மட்டத்தில் படித்திருப்பார், அல்லது படித்துக்கொண்டிருப்பார். காது, தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாம் பார்ப்பார். இரத்தம் எடுப்பார். ஈசிஜி எடுத்து அதை வாசிப்பார். அவர்களில் உயர்நிலைப் பயிற்சி பெற்றவர்கள் தனியாக ஒரு படிப்பை முடித்தால் மருந்துச் சீட்டும் எழுதலாம். 2018 ஏப்ரலில் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 2023 டிசம்பர் கடைசியில் மோர்ஃபின், கோடீன், டயசிபாம் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் ஐந்தையும் அவர்கள் எழுதக்கூடிய மருந்துகளோடு சேர்த்தார்கள். எல்லாப் பராமெடிக்கும் மருந்து எழுதுவதில்லை. அந்தத் தகுதி உள்ளவரா என்பதும் அதே பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும்.

பத்திரிகைகளில் அடிபட்ட பிசிசியன் அசோசியேட் விவகாரத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு தொழில், வேறு பயிற்சி. 2025 இல் வெளிவந்த லெங் அறிக்கை அவர்களைப் பற்றியது. பராமெடிக்கைப் பற்றியது அல்ல.

அம்புலன்சிலிருந்து சேர்ஜரிக்கு எப்படி வந்தார்கள்?

999 ஐ அழைப்பவர்கள் எல்லோரும் உயிருக்குப் போராடுகிறவர்கள் இல்லை. 2005 இல், அப்போது லண்டன் அம்புலன்ஸ் சேவையின் தலைவராக இருந்த பீட்டர் பிராட்லி, அரசாங்கத்துக்காக ஓர் அறிக்கை தயாரித்தார். 999 ஐ அழைப்பவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் உண்மையான உயிராபத்து இருக்கிறது என்பது அதன் அடிப்படை. மற்றவர்கள் விழுந்த முதியவர்கள், மூச்சு இழுக்கிற பழைய நோயாளிகள், இரவில் பயந்துபோன குடும்பங்கள். அம்புலன்சுக்குத் தெரிந்த ஒரே வழி அவர்களை ஏற்றிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவில் இறக்குவது. அதை மாற்றி, வைத்தியத்தை நோயாளியிடம் கொண்டுபோக வேண்டும் என்றது அந்த அறிக்கை.

இது நடக்கக்கூடிய காரியமா என்று அதற்கு முன்பே ஷெஃபீல்டில் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் சின்ன அடி, விழுகை, சுகவீனம் என்று 999 ஐ அழைத்தால், சில வாரங்களில் மேலதிகப் பயிற்சி பெற்ற பராமெடிக் பிரக்டிஷனரை அனுப்பினார்கள். சில வாரங்களில் வழமையான அம்புலன்ஸ் மட்டும் போனது. எந்த வாரம் எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். மொத்தம் 3018 நோயாளிகள். முடிவு 2007 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. பிரக்டிஷனர் போன வாரங்களில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 28 சதவீதம் குறைவு. 28 நாட்களுக்குள் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டவர்கள் 13 சதவீதம் குறைவு. ஒரு நோயாளியின் அலைச்சல் முழுவதும் முடிய சராசரியாக 278 நிமிடம் எடுத்தது 235 நிமிடமாகக் குறைந்தது. இறப்பு கூடவில்லை. நோயாளிகளின் திருப்தி கூடியிருந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இறப்பு கூடவில்லை என்ற வரிதான். வீட்டில் விட்டுவிட்டு வருவது சுலபம். பத்திரமாக விட்டுவிட்டு வருவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

பிறகு ஜீபிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2019 ஜூலையில் இங்கிலாந்தின் சேர்ஜரிகளைப் பகுதி பகுதியாக வலையமைப்புகளாகச் சேர்த்தார்கள். ஒரு வலையமைப்புக்குள் பொதுவாக 30,000 முதல் 50,000 பேர். மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களை அந்த வலையமைப்பு வேலைக்கு எடுத்தால் சம்பளத்தை என்.எச்.எஸ் திருப்பிக் கொடுக்கும். 2021 ஏப்ரலில் அந்தப் பட்டியலில் பராமெடிக்கும் சேர்ந்தார். உங்கள் சேர்ஜரியில் திடீரென்று புது முகங்கள் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக்கு வந்தால் என்ன செய்வார்?

எங்கள் இடத்தில் பராமெடிக் பிரக்டிஷனருக்கு மூன்று வேலை. அன்றைக்கே பார்க்கவேண்டிய காய்ச்சல், இருமல், நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று போன்றவற்றை சேர்ஜரியில் பார்ப்பது. முதியோர் இல்லங்களைச் சுற்றி வருவது. மூன்றாவது, என்னைக் கேட்டால் முதலாவது, வெளியே வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போவது.

முன்பெல்லாம் ஜீபி காலை நோயாளிகளை முடித்துவிட்டு, மத்தியானம் தாண்டித்தான் வீடுகளுக்குப் போவார். ஒன்பது மணிக்கு மகள் அழைத்திருப்பார். டொக்டர் போய்ச் சேர இரண்டு மணி. அவர் "ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும்" என்று சொன்னால், அம்புலன்ஸ் வந்து, அவசர சிகிச்சைப் பிரிவில் வரிசையில் நின்று, இரத்த முடிவு வர இரவாகிவிடும். இரவில் ஒரு எண்பது வயதுக்காரரை யாரும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பமாட்டார்கள். பராமெடிக் பத்து மணிக்கே போய்விட்டால் அந்த நாள் முழுவதும் கையில் இருக்கிறது. இரத்தம் எடுத்து அனுப்பலாம், மாவட்ட நேர்ஸுக்குச் சொல்லலாம், பின்னேரம் திரும்பவும் போன் செய்து கேட்கலாம். அந்த நான்கு மணி நேரம் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலை மிச்சப்படுத்துவதை நான் மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரியம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பிரஷர், நீரிழிவு, கால் வீக்கம். சில நாட்களாக வயிற்றோட்டம். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் விடியப்புறம் பாத்ரூமுக்குப் போக எழும்பியவர் தலைசுற்றி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. அண்ணா அவருடைய சேர்ஜரிக்கு அழைத்தார், நானும் போய்ச் சேர்ந்தேன். பதினொரு மணிக்கு முன்பே பராமெடிக் பிரக்டிஷனர் வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். தோளில் பெரிய பை.

"இவ டொக்டரோ பிள்ளை?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்க்க முன்பே கேள்வி அவருக்கு விளங்கிவிட்டது. "நான் டொக்டர் இல்லை. பராமெடிக். உங்கள் டொக்டரோடு சேர்ந்து வேலை செய்கிறேன். இங்கே இருந்து அவரோடு கதைப்பேன்" என்றார். பெரியம்மாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அவர் பையைத் திறக்கவில்லை. கதிரையிலிருந்து எழும்பி வாருங்கள் என்றுதான் முதலில் கேட்டார். பெரியம்மா இரண்டு கையையும் ஊன்றி எழும்பியதையும், எழும்பியதும் கண்ணை மூடிக்கொண்டதையும், சுவரைப் பிடித்ததையும் பார்த்துக்கொண்டு நின்றார். நாக்கைப் பார்த்தார். விரல் நகத்தை அழுத்தி, வெளிறிய இடம் சிவக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். நாடி பிடிக்கிறமாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினார். எண்ணுவது தெரிந்தால் நாங்கள் மூச்சை மாற்றிவிடுவோம் அல்லவா! பிறகு ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடத்துக்குள் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு தடவை. படுத்திருக்கும்போது 128 ஆக இருந்த மேல் எண் நின்றதும் 98 க்கு இறங்கியது. 20 இறங்கினாலே கவனிக்கவேண்டும் என்பது கணக்கு. விரலில் குத்திச் சுகர் பார்த்தார், ஈசிஜி எடுத்தார்.

மூச்சு, ஒட்சிசன், பிரஷர், நாடி, உணர்வுநிலை, உடல்வெப்பம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிற ஒரு முறை இந்த நாட்டு ஆஸ்பத்திரிகள், அம்புலன்ஸ்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. நியூஸ் 2 என்பார்கள். ஐந்தைத் தொட்டால் அவசரம், ஏழைத் தொட்டால் பேரவசரம். பெரியம்மாவுக்கு அது குறைவாகத்தான் வந்தது. அந்த எண்ணோடு திருப்திப்பட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை.

"எடுக்கிற மருந்து எல்லாவற்றையும் காட்டுங்கள்" என்றார். அண்ணா பார்மசி கட்டித் தருகிற வாரப் பெட்டியைக் கொண்டுவந்தார். ராமிப்ரில், ஃபுரோசிமைட் என்ற தண்ணிக் குளிசை, மெட்ஃபோர்மின், கொலஸ்ட்ரோல் குளிசை. "இதைவிட வேறு ஏதும்?" இல்லை என்றார் அண்ணா. அவர் அண்ணாவைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் கண் சாமித்தட்டுப் பக்கம் போனது. அங்கே ஒரு பிஸ்கட் ரின். உள்ளே சித்தாலேப, பஸ்பங்குவ பக்கற்றுகள், அதோடு கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைக்ளோஃபெனாக் அட்டைகள். முழங்கால் நோவுக்குக் காலையும் இரவும் போட்டுவந்திருக்கிறார். எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் இது எங்கள் வீடுகளில் பரவலாக இருக்கிற விஷயம். ராமிப்ரில் மாதிரியான பிரஷர் குளிசை, தண்ணிக் குளிசை, டைக்ளோஃபெனாக் மாதிரியான நோக் குளிசை, இந்த மூன்றும் ஓர் உடம்பில் சேர்வது சிறுநீரகத்துக்குக் கெடுதி. அதோடு வயிற்றோட்டம் வந்து உடம்பில் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் சடுதியாகப் படுத்துவிடும். சிறுநீரகம் படுத்தால் மெட்ஃபோர்மினும் உடம்பில் தங்கித் தொல்லை கொடுக்கும். வாயால் எடுக்கும் டைக்ளோஃபெனாக்கை இந்த நாட்டில் 2015 ஜனவரியிலிருந்து டொக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. இதயத்துக்கு ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள். ஊரிலிருந்து பைக்குள் வரும் அட்டைகள் அந்தச் சட்டத்துக்குள் அகப்படுவதில்லை.

அவர் குசினிக்குள் போய் ஜீபியை அழைத்தார். ஜீபி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். என்ன நடந்தது, என்ன கண்டேன், என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும் என்று நான்கு வரியில் சொல்லி முடித்தார். முடிவு: டைக்ளோஃபெனாக் அடியோடு நிறுத்தம். ராமிப்ரில், தண்ணிக் குளிசை, மெட்ஃபோர்மின் மூன்றும் வயிறு சரியாகி ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடிக்கும்வரை மட்டும் நிறுத்தம். இரத்தம் அங்கேயே எடுத்து அன்றைக்கே பரிசோதனைக்கு. முழங்காலுக்கு இப்போதைக்குப் பரசிட்டமோல். சலம் போகாவிட்டால், குழப்பமாகக் கதைத்தால், படுக்கும்போது மூச்சு முட்டினால், குடித்தது தங்காவிட்டால் உடனே 999. இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, பாத்ரூம் வாசலில் கிடந்த கால்மிதியையும் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் ஜீபியே அழைத்தார். சிறுநீரகத்தின் எண் ஏறியிருந்தது. ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கிற அளவுதான். அடுத்த வாரம் திரும்ப எடுத்த இரத்தத்தில் அது இறங்கிவிட்டது. நிறுத்திய குளிசைகளை எப்போது தொடங்குவது என்று அவர்களே சொன்னார்கள். (இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். அதைச் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான்.)

பெரியம்மாவை அன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தாலும் சிறுநீரகத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். அந்தப் பிஸ்கட் ரின்னைக் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். அது சாமித்தட்டில் இருந்தது. அதைப் பார்க்க ஒருவர் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

நமக்கு இது புதிதா?

"டொக்டர் இல்லாதவரிடம் எப்படி மருந்து எடுப்பது?" என்று கேட்கிற எங்கள் ஐயாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஊரில் மத்திய மருந்தகத்தில் இருந்த அப்போதிக்கரி ஐயா எம்.பி.பி.எஸ் முடித்தவரா? இல்லை. ஆனால் காய்ச்சலுக்கும், பாம்புக்கடிக்கு முதல் உதவிக்கும், பிள்ளையின் வலிப்புக்கும் அவரிடம்தானே ஓடினீர்கள்? எது தன் கைக்குள் அடங்கும், எதைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்பதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தது. போர்க்காலத்தில் டொக்டர்மார் இல்லாத இடங்களில் சனத்தைக் காப்பாற்றியவர்களில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். கர்ப்பிணிகளின் வீட்டு வாசலுக்கு வந்து, பிறந்த பிள்ளையின் நிறை பார்த்துப் போன குடும்ப நல உத்தியோகத்தரும் டொக்டர் இல்லை. இலங்கையின் தாய்மார் இறப்பு குறைந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர்களை நாங்கள் நம்பியதற்குக் காரணம் படித்த பட்டம் அல்ல. ஊருக்குள் இருந்தார்கள், எங்களைத் தெரிந்து வைத்திருந்தார்கள், தங்கள் எல்லையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே வருகிற பராமெடிக்கிடமும் இந்த மூன்றையும் தேடுங்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும்

இந்த ஏற்பாட்டில் எனக்குக் கவலை தருகிறவையும் உண்டு. மறைத்தால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

முதலாவது, அம்புலன்ஸ் கற்றுக்கொடுப்பதும் ஜீபி வேலை கேட்பதும் ஒன்றல்ல. அம்புலன்சில், "இது மாரடைப்பா? இல்லையா?" என்று மிக மோசமானதை முதலில் தேடப் பழகுகிறார்கள். ஜீபி வேலையில் பாதி, மூன்று மாதமாக இருக்கும் களைப்பு, வந்து வந்து போகும் வயிற்றுவலி, சொல்லமுடியாத மனக்கவலை. அங்கே இன்றைக்கு ஒரு விடை இல்லை, காத்திருந்து பார்க்கவேண்டும். அந்தப் பழக்கம் வர வருடங்கள் எடுக்கும், பக்கத்தில் ஒரு அனுபவமுள்ள ஜீபி இருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் பார்த்த நோயாளிகளைப் பற்றி இருவரும் இருந்து கதைக்க நேரம் ஒதுக்கவேண்டும். சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது என்பதற்காக ஆளை எடுத்துவிட்டு, அந்த நேரத்தை ஒதுக்காத இடங்களைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். அங்கே பராமெடிக் தனியாக நின்று தடுமாறுகிறார், அல்லது பயத்தில் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கே அனுப்புகிறார்.

இரண்டாவது, ஒரே டொக்டரைத் தொடர்ந்து பார்ப்பதன் பலன். நோர்வேயில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே ஜீபியிடம் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களிடையே, ஒரு வருடமே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இறப்பு ஏறத்தாழ கால்வாசி குறைவு. அவசர அனுமதிகளும் அதே அளவு குறைவு. பெரிய எண்கள் இவை. இன்றைக்குப் பராமெடிக், நாளைக்கு மருந்தாளர், மறுநாள் இன்னொரு டொக்டர் என்று ஒரு நாள்பட்ட நோயாளியைச் சுற்றவிட்டால் அந்தப் பலன் போய்விடும். சடுதியான வருத்தத்துக்கு யார் கெதியாக வருகிறாரோ அவர் நல்லது. பல வருத்தம் உள்ள முதியவருக்குத் தெரிந்த முகம் வேண்டும். முதியோர் இல்லத்துக்கு ஒவ்வொரு வாரமும் அதே பராமெடிக் போகிறார் என்றால் அவரே அந்தத் தெரிந்த முகமாகலாம். நல்ல சேர்ஜரிகள் அப்படித்தான் செய்கின்றன.

மூன்றாவது, சட்டத்தின் அரைகுறை. வேலைக்குப் போகமுடியாது என்று கொடுக்கும் மருத்துவச் சான்றிதழில் 2022 ஜூலையிலிருந்து நேர்ஸ், மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட், ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோரும் கையெழுத்திடலாம் என்று மாற்றினார்கள். அதில் பராமெடிக் இல்லை. ஆகவே நோயாளியைப் பார்த்து, மருந்தும் எழுதிய ஒருவர், சான்றிதழுக்காக மட்டும் ஜீபியின் கதவைத் தட்டவேண்டியிருக்கிறது. நோயாளி என்னிடம் வந்து கோபப்படுகிறார். இதைத் திருத்தவேண்டும்.

நான்காவது, அம்புலன்ஸ் சேவையே ஆள் இல்லாமல் திண்டாடுகிறது. அனுபவமுள்ள பராமெடிக்குகள் சேர்ஜரிக்கு வந்துவிட்டால் இரவு மூன்று மணிக்கு மாரடைப்புக்கு யார் வருவது? அதனால் சில இடங்களில் ஒருவர் கொஞ்சக் காலம் அம்புலன்சிலும், கொஞ்சக் காலம் கட்டுப்பாட்டு அறையிலும், கொஞ்சக் காலம் சேர்ஜரியிலும் என்று சுழன்று வேலை செய்கிறார். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. சேர்ஜரியில் படித்ததை அம்புலன்சுக்கும் கொண்டுபோவார். அம்புலன்சின் கூர்மையும் மழுங்காது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு

இனி நீங்கள் செய்யக்கூடியவை.

போனில் அழைக்கும்போது என்ன வருத்தம், எப்போதிருந்து, எழும்பி நடக்கிறாரா, குடிக்கிறாரா, சலம் போகிறதா என்று சொல்லுங்கள். நாங்கள் விடுப்புக்குக் கேட்பதில்லை. யாரை, எவ்வளவு கெதியாக அனுப்புவது என்று தீர்மானிக்கத்தான் கேட்கிறோம். முடிந்தவரை காலையிலேயே அழையுங்கள்.

நெஞ்சுவலி, முகம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் சோர்தல், மூச்சுவிட முடியாமை, நிற்காத இரத்தம் என்றால் எங்களை அழைக்கவே வேண்டாம். நேரே 999.

மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஊர்க் குளிசை, ஆயுர்வேதம், பக்கத்து வீட்டு அக்கா தந்தது எல்லாம் அதற்குள் இருக்கவேண்டும். யாரும் உங்களை ஏசமாட்டார்கள்.

ஆங்கிலம் கதைக்க முடியாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். என்.எச்.எஸ்ஸில் அது இலவசம். பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையைக் கொண்டு அம்மம்மாவின் சலம், மலம், மனக்கவலை எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பிக்காதீர்கள். அம்மம்மா பாதியை மறைத்துவிடுவார். பிள்ளைக்கும் அது பாரம்.

வந்தவர் யார் என்று கேளுங்கள். பெயர், என்ன தகுதி, மருந்து எழுதலாமா, இன்றைக்கு உங்களுக்குப் பொறுப்பான ஜீபி யார். நல்ல பராமெடிக் பிரக்டிஷனர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். போகும்போது, "எது நடந்தால் நாங்கள் திரும்ப அழைக்கவேண்டும்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். ஜீபியைத்தான் பார்க்கவேண்டும் என்று உங்களுக்கு உண்மையான காரணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், குறித்து வைப்போம்.

சேர்ஜரிகளில் நோயாளிகள் குழு ஒன்று இருக்கிறது. அதில் நம்மவர்கள் மிகக் குறைவு. அங்கே போய், "உங்கள் பராமெடிக் வீட்டிலிருந்து அழைத்தால் எந்த ஜீபி எடுப்பார்? இருவரும் நோயாளிகளைப் பற்றிக் கதைக்க நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை நாலு பேர் கேட்டால் போதும், பல சேர்ஜரிகள் ஒழுங்குக்கு வந்துவிடும்.

அடுத்த முறை நானோ என்னைப்போல இன்னொருத்தியோ, "பராமெடிக் பிரக்டிஷனர் வந்து பார்ப்பார்" என்று சொன்னால் மறுக்காதீர்கள். "சரி, வரச்சொல்லுங்கோ. கெதியா வரச்சொல்லுங்கோ" என்று சொல்லுங்கள்.